ஆள் போனாலும் கணக்கு நிற்க வேண்டும்: யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனத்துக்குத் திறந்த மூல வணிக மென்பொருளைத் தெரிவு செய்யும் முழு வழிகாட்டி

எனது மாமாவின் மொத்த வியாபாரக் கடைக்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தார். கெட்டிக்காரர். மென்பொருளும் நன்றாகத்தான் வேலை செய்தது. பில் போட்டது, கடன் காட்டியது, மாத முடிவில் அறிக்கை தந்தது. பிறகு அவர் கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டு மாரிகள் கழித்துக் கடைக் கணினி பழுதானது. வன்தட்டைக் கழற்றிப் புதிய கணினியில் பூட்டினோம். மென்பொருள் திறக்கவில்லை. பழைய கணினியோடு பிணைக்கப்பட்ட உரிமம் அது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் எழுதியவரிடம் மட்டுமே இருந்தது, அவரது பழைய தொலைபேசி இலக்கமோ வேலை செய்யவில்லை. மூன்று வருடக் கடன் விபரம் அந்த வன்தட்டுக்குள் கிடந்தது. மாமா ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, "எனக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். பலர் நேர்மையாகச் சொன்னார்கள். எல்லோரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆட்கள் போவார்கள். படிக்கப் போவார்கள், கலியாணம் செய்து போவார்கள், கொழும்புக்கு வேலைக்குப் போவார்கள். அது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் ஒருவர் போனதும் கணக்கும் கூடவே போய்விடும் என்றால், அந்த மென்பொருளைத் தெரிவு செய்த விதத்தில் பிழை இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நகர்கிறது: இந்த ஆள் நாளைக்கு இல்லையென்றால் எனது நிறுவனத்தில் எது நின்றுபோகும்?

திறந்த மூல மென்பொருள் இந்தக் கேள்விக்கு நல்ல பதிலைத் தருகிறது. மூல நிரலை, அதாவது மென்பொருளை ஆக்கும் கட்டளைகளை, எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், வேறு கணினியில் நிறுவலாம், இன்னொருவரைக் கொண்டு பராமரிக்கலாம். இது நமக்குப் புதிதுமல்ல. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய 'சஹானா' திறந்த மூல மென்பொருள்தான். பிற நாடுகளும் பின்னர் தமது பேரிடர்களில் அதை எடுத்துப் பயன்படுத்தின.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உரிமத்துக்குக் காசு இல்லை என்பது உண்மை. நிறுவுவதற்கும், பழைய கணக்கை ஏற்றுவதற்கும், ஆட்களைப் பழக்குவதற்கும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்பதற்கும் காசும் நேரமும் போகும். அதை ஒதுக்க மனமில்லாதவர்கள் நல்ல கொப்பியிலேயே தொடருவது மேல்.

முதற்படி: கணினியை மூடிவிட்டுக் கொப்பியைத் திறவுங்கள்

கோண்டாவிலில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி ஆகியவற்றைப் பொதி செய்து விற்கும் அக்கா ஒருவருக்கு இந்த வேலையைச் செய்தேன். ஒன்பது பேர் வேலை செய்யும் இடம். முதல் நாள் நான் எந்த மென்பொருளையும் காட்டவில்லை. ஒரு வாரத்தில் அவரிடம் புழங்கும் அத்தனை காகிதங்களையும் மேசையில் பரப்பச் சொன்னேன். மல்லி வாங்கிய பற்றுச்சீட்டு, கடைகளுக்குக் கொடுத்த பில் புத்தகம், கடன் கொப்பி, காசோலைகளைச் செருகி வைத்த பழைய நாட்காட்டி, சம்பளப் பதிவு, லண்டனுக்கு அனுப்பிய பொதியின் பட்டியல். பதினொரு வகைக் காகிதங்கள் வந்தன.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள். இதை யார் எழுதுகிறார்? எழுதியதை யார் பார்க்கிறார்? இது தொலைந்தால் எவ்வளவு நட்டம்? மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் கடன் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆகவே மென்பொருளின் முதல் வேலை கடன் என்று முடிவானது. அடுத்தது உற்பத்தி, மூன்றாவது இருப்பு. சம்பளம், வலைத்தளம், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி எல்லாம் பிறகு.

உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். கஸ்தூரியார் வீதியில் நகைக் கடை வைத்திருப்பவருக்கு எடையும் அன்றைய பொன் விலையும் முதலில் வரும். வாகன உதிரிப்பாகம் விற்பவருக்குப் பாக இலக்கமும் எந்த வாகனத்துக்குப் பொருந்தும் என்பதும். எதுவானாலும் மூன்றுக்கு மேல் 'கட்டாயம்' எழுதாதீர்கள். பதினைந்து கட்டாயங்களோடு மென்பொருள் தேடுபவர், எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் விற்பனையாளரிடம்தான் போய் நிற்பார்.

இரண்டாம் படி: உரிமத்தை வாசியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பத்து நிமிடம் போதும். மென்பொருளின் மூல நிரல் இருக்கும் பக்கத்தில் உரிமக் கோப்பு ஒன்று இருக்கும். அதில் ஜிபிஎல், எல்ஜிபிஎல், ஏஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி போன்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது உண்மையான திறந்த மூலம். 'மூல நிரலைப் பார்க்கலாம், ஆனால் வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி தேவை' என்ற பாணியில் இருந்தால் அது திறந்த மூலம் அல்ல, விளம்பரத்தில் எப்படி எழுதியிருந்தாலும்.

இரண்டு பதிப்புகளாக வரும் மென்பொருட்களில் கூடுதல் கவனம் தேவை. ஒன்று சமூகப் பதிப்பு, மற்றது கட்டணப் பதிப்பு. செயல்விளக்கத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் கட்டணப் பதிப்பு. உங்கள் மூன்று கட்டாயங்களும் சமூகப் பதிப்பில் இருக்கின்றனவா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாம் படி: நான்கு பெயர்கள் போதும்

இணையத்தில் தேடினால் ஐம்பது பெயர்கள் வரும். சிறு நிறுவனத்துக்கு நான் பார்க்கச் சொல்வது நான்கை மட்டுமே.

ஈஆர்பி நெக்ஸ்ட் மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கியது. ஜிபிஎல் உரிமம். இதில் எனக்குப் பிடித்தது, முழுக் கணக்கியலும் இலவசப் பதிப்பிலேயே இருப்பது. கொள்வனவு, விற்பனை, இருப்பு, உற்பத்தி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. சம்பளமும் விடுமுறையும் இப்போது தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, அதுவும் திறந்த மூலமே. ஒரு குணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பில்லைச் சமர்ப்பித்துவிட்டால் அழித்துத் திருத்த முடியாது. இரத்துச் செய்துவிட்டுத் திருத்திய பிரதியைப் போட வேண்டும், பழையது தடமாக இருக்கும். கணக்காய்வாளருக்கு இது வரம். பேனாவால் வெட்டித் திருத்திப் பழகியவருக்கு முதல் மாதம் எரிச்சல். நிறுவுவதற்கு லினக்ஸ் இயங்குதளம் தெரிந்த ஆள் வேண்டும், நான்கு ஜிகாபைட் நினைவகத்துக்குக் குறைவான கணினியில் முயலவே வேண்டாம்.

ஓடூ பெல்ஜியத்தில் 2005 இல் 'டைனி ஈஆர்பி' என்ற பெயரில் தொடங்கி 2014 இல் இந்தப் பெயருக்கு வந்தது. பார்வைக்கு நான்கிலும் அழகானது இதுதான். கடை விற்பனைத் திரை மிக நன்று. இடையில் இணைய இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து பில் போடலாம், இணைப்பு வந்ததும் சேர்த்துவிடும். ஆனால் சமூகப் பதிப்பில் பில் போடலாமே தவிர முழுமையான கணக்கியல் அறிக்கைகள் இல்லை. அவை கட்டணப் பதிப்பில் இருக்கின்றன. ஓடூ சமூகச் சங்கம் வெளியிடும் இலவசக் கூறுகளைச் சேர்த்து இந்த இடைவெளியை நிரப்பலாம். இன்னொரு விடயம், ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது. கட்டணப் பதிப்பினருக்கு நிறுவனமே மாற்றித் தருகிறது. சமூகப் பதிப்பினர் தாமே மாற வேண்டும், அதற்கென இருக்கும் திறந்த மூலக் கருவியைக் கையாளத் தெரிந்த ஆள் தேவை. ஆள் போனால் என்னவாகும் என்ற நமது கேள்வி இங்கே கூர்மையாகிறது.

டொலிபார் பிரான்சில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வளர்க்கப்படுகிறது. பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, ஆகவே சாதாரண வலைத்தள வாடகை இடத்தில்கூட ஓடும். விண்டோஸ் கணினியில் நிறுவ ஆயத்தப் பொதியும் உண்டு. தேவையான கூறுகளை மட்டும் திறந்து மற்றவற்றை மூடி வைக்கலாம். ஐந்து பேருக்குக் குறைந்த சேவை நிறுவனம், சிறு கொள்வனவு விற்பனை, ஆளணியில் கணினி நிபுணர் எவரும் இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். தோற்றத்தைக் கொண்டு எடைபோடாதீர்கள்.

நான்காவது குனுகாஷ். இது வணிக மேலாண்மை மென்பொருளே அல்ல, கணினியில் நிறுவும் இரட்டைப் பதிவுக் கணக்கு மட்டும். இருப்புக் கணக்கு கிடையாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். ஆனாலும் கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் தையல் நிலையத்துக்கோ தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளருக்கோ இதைவிடப் பெரியது தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் பெரிய மென்பொருளை வைப்பது, சைக்கிளில் போகும் தூரத்துக்கு லொறி வாங்குவது.

நான்காம் படி: ஒரு நாளின் வியாபாரத்தை ஓட்டிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். செயல்விளக்கத்தில் வரும் மேசையும் நாற்காலியும் எல்லா மென்பொருளிலும் அழகாக விற்கும். உங்கள் கடையின் உண்மையான ஒரு நாளை எடுத்து, முதற்படியில் பரப்பிய காகிதங்களை வைத்து, தெரிவு செய்த இரண்டு மென்பொருளில் பதியுங்கள். பதிய வேண்டியவர் நீங்கள் அல்ல, நிறுவுபவரும் அல்ல, நாளாந்தம் பில் எழுதும் பிள்ளை.

அக்காவின் இடத்தில் நாங்கள் முதலில் ஓட்டியது மிளகாய்த்தூள். சேர்மானப் பட்டியலை அவர் மனப்பாடமாகச் சொன்னார். செத்தல் மிளகாய் 10 கிலோ, மல்லி 10, பெருஞ்சீரகம் 2, மிளகு 1, நற்சீரகம் 1, வெந்தயம் அரை, மஞ்சள் அரை, கறிவேப்பிலை 1. மொத்தம் 26 கிலோ. நான் அப்படியே பதிந்தேன். 250 கிராம் பக்கற்றுகள் 104 என்று திரை காட்டியது. அவர் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தம்பி, 26 கிலோ போட்டால் 26 கிலோ வராது. வறுக்கும்போதே குறைந்துவிடும். கறிவேப்பிலை காய்ந்தால் ஒன்றுமே இல்லை. மில்லிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்."

"எவ்வளவு வரும், அக்கா?"

"இருபத்துமூன்றரை. நல்ல வெயில் நாளில் அதற்கும் குறைவு."

இருபத்துமூன்றரை கிலோ என்றால் 94 பக்கற்றுகள். பத்துப் பக்கற்று வித்தியாசம். இந்தக் குறைவைப் பதிய மென்பொருளில் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இருப்பு ஒவ்வொரு நாளும் பத்துப் பக்கற்றுப் பொய் சொல்லும், ஒரு பக்கற்றின் அடக்கவிலையும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குறைந்த அடக்கவிலையை நம்பி விலை வைத்தால் நட்டத்துக்கு விற்போம். ஈஆர்பி நெக்ஸ்டில் உற்பத்தி இழப்பு என்று தனி இடம் இருக்கிறது. டொலிபாரின் சேர்மானப் பட்டியலில் செயற்றிறன் விகிதம் என்ற கட்டத்தில் இதைக் கொடுக்கலாம். அன்று மாலையே உற்பத்தி பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டது.

அடுத்தது காசோலை. நமது வியாபாரம் பாதிக்கு மேல் பிந்திய திகதியிட்ட காசோலையில்தான் ஓடுகிறது. கடைக்காரர் இன்று 85,000 ரூபாவுக்குப் பொருள் எடுத்து 45 நாள் கழித்த திகதியில் காசோலை தருகிறார். அதை இன்றே வங்கியில் வந்ததாகப் பதிந்தால் இல்லாத பணம் கணக்கில் இருக்கும். பதியாமலே விட்டால் அவர் இன்னும் ஒன்றுமே தரவில்லை என்று கடன் பட்டியல் சொல்லும். தீர்வு எளிது, எந்த மென்பொருளிலும் செய்யலாம். 'கையிலுள்ள காசோலைகள்' என்று ஒரு சொத்துக் கணக்குத் தலைப்பை உருவாக்குங்கள். காசோலை வந்ததும் அந்தத் தலைப்பில் வந்ததாகப் பதியுங்கள். வங்கியில் பணமானதும் அங்கிருந்து வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். திரும்பினால் மீண்டும் கடைக்காரரின் கடனுக்கே கொண்டு போங்கள், வங்கி அறவிட்ட கட்டணத்தையும் சேர்த்து. காசோலை இலக்கம், வங்கி, திகதி மூன்றையும் பதியவும், திகதி வாரியாக அடுக்கிப் பார்க்கவும் முடிகிறதா என்று சோதியுங்கள். அக்காவின் நாட்காட்டி செய்த வேலையை மென்பொருள் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பணத்தின் நாணயம். லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பொதி அனுப்புபவர்கள் பவுணிலும் கனேடிய டொலரிலும் விலைப்பட்டியல் போட்டு, ரூபாவில் கணக்கு முடிக்க வேண்டும். விற்ற நாள் மாற்று வீதத்துக்கும் பணம் வந்த நாள் வீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருள் தானே இலாப நட்டத்தில் போடுகிறதா என்று ஒரு பரிமாற்றத்தை முழுமையாக ஓட்டிப் பாருங்கள்.

பிறகு, பிழை செய்து பாருங்கள். தவறான விலையில் பில் போடுங்கள். பாதிப் பொருளைத் திருப்பி வாங்குங்கள். இருப்பில் இல்லாததை விற்க முயலுங்கள். நல்ல மென்பொருளின் குணம் பிழை திருத்தும்போதுதான் தெரியும்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்தை அச்சிட்டுப் பாருங்கள்

திரையில் தமிழ் தெரிவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அச்சில்தான் சிக்கல். ஈஆர்பி நெக்ஸ்டும் ஓடூவும் விலைப்பட்டியலை பிடிஎஃப் ஆக்கும் வேலையைச் சேர்வரில், அதாவது மென்பொருள் நிறுவப்பட்ட மையக் கணினியில், செய்கின்றன. அந்தச் சேர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யுனிகோட் எழுத்துரு நிறுவப்படாவிட்டால் பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரங்கள் வரும். எழுத்துருவை நிறுவினால் தீரும். டொலிபார் வேறு வழியில் பிடிஎஃப் செய்கிறது, அதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி விழக்கூடும். 'கொத்து', 'கோதுமை', 'கௌபி', 'செத்தல்', 'பெருஞ்சீரகம்' என்று ஐந்து சொற்களை வைத்து ஒரு பில்லை அச்சிடுங்கள். அதிலேயே முடிவு தெரிந்துவிடும்.

கடையில் பயன்படுத்தும் சிறு வெப்ப அச்சுப்பொறிகள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. பில்லைப் படமாக மாற்றி அனுப்பினால் அச்சாகும், சற்றுத் தாமதமாக. வாங்கும் முன் கடையிலேயே உங்கள் மாதிரிப் பில்லை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எதைத் தமிழில் வைப்பது என்பது பற்றி எனது கருத்து இது. பொருட்களின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் தமிழில் இருக்கட்டும். மென்பொருளின் கட்டளைகளை ஆங்கிலத்திலேயே விடுங்கள். பாதி மொழிபெயர்த்த திரை, முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் திரையைவிடக் குழப்பம். தவிர, உதவி தேடும்போது ஆங்கிலச் சொல் தெரிந்திருந்தால்தான் பதில் கிடைக்கும்.

பழைய எக்செல் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் இப்போதே ஒரு வாரத்தை ஒதுக்கி வையுங்கள். பாமினியில் தட்டச்சு செய்தது கணினிக்குத் தமிழே அல்ல. எழுத்துருவை நீக்கினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரே கட்டத்துக்குள் பாமினித் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் கருவி ஆங்கிலத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். பெயர்களையும் ஒன்றாக்குங்கள். அக்காவின் பட்டியலில் ஒரே கடை 'முருகன் ஸ்டோர்ஸ்', 'முருகன் ஸ்ரோர்ஸ்', 'முருகன் ஸ்ரோஸ்' என்று மூன்று வாடிக்கையாளராக, மூன்று தனித்தனிக் கடனோடு இருந்தது. பெயரை நம்பாமல் தொலைபேசி இலக்கத்தை வைத்து அடுக்கினால் இப்படிப்பட்டவை ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆறாம் படி: வரியும் சம்பளமும்

பெறுமதி சேர் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதம். அதே ஆண்டு யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. இரண்டு ஆண்டுக்குள் மூன்று மாற்றம். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் எழுதியவரைத் தேடி ஓடிய கடைக்காரர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே சோதனை இதுதான்: வரி வீதத்தை நீங்களே, ஒரு திகதியிலிருந்து, பழைய பில்களைக் குழப்பாமல் மாற்ற முடிகிறதா? வரியை விலைக்குள் புதைத்து வைக்காமல் தனி வரி விதியாக வைத்திருந்தால் முடியும்.

இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய விற்பனை எல்லை 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டது. இந்த எல்லையும் மாறுவது, ஆகவே உங்கள் கணக்காளரிடம் இன்றைய நிலையைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பதிவு செய்தவர்கள் கொடுக்கும் வரி விலைப்பட்டியலில் தொடரிலக்கம், திகதி, இரு தரப்பின் பெயர், வரிப் பதிவு இலக்கம், தனியாகக் காட்டிய வரித் தொகை ஆகியவை இருக்க வேண்டும். அச்சு வடிவத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம். அது பல வியாபாரங்களில் மொத்த விற்பனையில் குறிப்பிட்ட ஒரு பங்கின் மீதே கணிக்கப்படுகிறது, அந்தப் பங்கு வியாபார வகைக்கு ஏற்ப வேறுபடும். வெளிநாட்டு மென்பொருள் எதுவும் இதைத் தானாகப் போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலாண்டு விற்பனை அறிக்கையை எடுத்துக் கையால் கணித்து ஒரு பதிவாகப் போட்டால் போதும்.

நிதியாண்டை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று நிறுவும்போதே அமைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது தலைவலி.

சம்பளத்தை வைத்து மென்பொருளைத் தெரிவு செய்ய வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். 50,000 ரூபா உழைப்பவருக்கு 4,000, 6,000, 1,500. ஒன்பது பேருக்கு இதை லிப்ரே ஆபிஸ் விரிதாளில் அரை மணி நேரத்தில் முடித்து, மாதம் ஒரு தடவை மொத்தத்தைக் கணக்கில் பதியலாம். ஆள் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும்போது சம்பளக் கூறைத் திறக்க யோசியுங்கள்.

ஏழாம் படி: எங்கே வைப்பது

2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. கடைக்குள் சேர்வர் வைத்தால் மின்தடை காப்பு மின்கலமும், மின்கலம் தீரும் முன் கணினி தானாக ஒழுங்காக அணையும் ஏற்பாடும் வேண்டும். கடற்கரையை அண்டிய இடமென்றால் உப்புக்காற்று கணினியின் ஆயுளைக் குறைக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

வாடகைச் சேர்வரில் வைத்தால் மின்வெட்டிலும் கைத்தொலைபேசியிலிருந்து பில் போடலாம். ஆனால் வாடகை பெரும்பாலும் டொலரில். அதே 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. மாத வாடகை ஏறாமலே ஏறியது. ரூபாவில் கட்டணம் வாங்கும் உள்நாட்டு வழங்குநர் கிடைத்தால் அதைத் தெரிவு செய்வேன். வாடகைக் கணக்கு உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில், உங்கள் வங்கி அட்டையில் இருக்க வேண்டும். நிறுவித் தந்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் மாமாவின் கதை மறுபடியும் நடக்கும்.

வாடிக்கையாளர் விபரங்களை வைத்திருக்கும் எவருக்கும் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றிய அறிவு தேவை. குறைந்தபட்சம் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். பில் போடுபவருக்குக் கொள்முதல் விலையும் பில்லை இரத்துச் செய்யும் உரிமையும் தேவையில்லை.

எட்டாம் படி: கைகொடுக்கும் ஆளைத் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நல்ல பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகள் இளம் ஆர்வலர்களை ஒன்றுசேர்க்கின்றன. பைதன் நிரல் மொழியும் லினக்ஸும் தெரிந்தவரைக் கொழும்பில்தான் தேட வேண்டும் என்ற காலம் போய்விட்டது. உடன்படிக்கையில் மூன்றை எழுதுங்கள். எல்லா நிர்வாகக் கடவுச்சொற்களும் முதல் நாளே உங்களிடம் வர வேண்டும். உங்களுக்காகச் செய்த மாற்றங்களின் நிரலும் உங்களுக்குத் தரப்பட வேண்டும். மென்பொருளின் மூல நிரலுக்குள் கைவைக்காமல் தனிக் கூறாகவே மாற்றம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த பதிப்புக்கு மாறும்போது எல்லாம் உடையும்.

மாற்றம் கேட்பதிலும் அடக்கம் தேவை. முதல் ஆறு மாதம் ஒரு மாற்றமும் கேட்காதீர்கள். கொப்பியில் இருந்தது போலவே திரையும் இருக்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் நான்காம் மாதம் தானாகத் தணியும்.

ஒன்பதாம் படி: மாறும் நாள்

ஏப்ரல் 1 கணக்குக்கு வசதி, ஆனால் சித்திரைப் புத்தாண்டு வியாபாரம் தலைக்கு மேல் நிற்கும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் வேண்டாம். அக்காவுக்கு நாங்கள் மே முதலாம் திகதியைத் தெரிவு செய்தோம். அன்று கடை விடுமுறை. காலையிலிருந்து எல்லோரும் சேர்ந்து இருப்பை எண்ணினோம், நிறுத்தோம். கடன்களை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தொலைபேசியில் சொல்லி ஒப்புதல் வாங்கி, ஆரம்ப மீதியாகப் பதிந்தோம். பழைய பில்கள் அனைத்தையும் ஏற்ற வேண்டாம், தீராதவை மட்டும் போதும். பழைய புத்தகங்களைக் கட்டி அலுமாரியில் வையுங்கள், வரிக்காகக் குறைந்தது ஐந்து வருடம்.

ஒரு மாதம் கொப்பியும் மென்பொருளும் இரண்டும் ஓட வேண்டும். இரட்டை வேலை என்று முணுமுணுப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து ஒரு ரூபா வித்தியாசமும் இல்லையென்றால் கொப்பியை மூடலாம்.

பத்தாம் படி: காப்புப் பிரதி

நாள்தோறும் தானாக ஒரு பிரதி, வாரம் ஒரு தடவை வேறு இடத்துக்கு. ஓடூவில் தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் இணைத்த படங்களும் ஆவணங்களும் வராது, கோப்புக் களஞ்சியமும் சேர வேண்டும். ஈஆர்பி நெக்ஸ்டில் தளத்தின் அமைப்புக் கோப்பையும் சேர்த்து வையுங்கள். அதிலுள்ள மறையாக்கத் திறவுகோல் இல்லாவிட்டால், மீட்ட பிறகு சேமித்து வைத்த கடவுச்சொற்கள் திறக்காது.

பிரதி எடுப்பது பாதி வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். அக்காவின் மகள் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போகாமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து, தனது மடிக்கணினியில் முழுவதையும் மீட்கச் சொன்னேன். காலை ஒன்பதுக்குத் தொடங்கினார். குறிப்பில் ஒரு வரியை நான் விட்டிருந்தேன், அங்கே ஒரு மணி நேரம் நின்றார், பிறகு தானே தேடிக் கண்டுபிடித்து அந்த வரியைக் குறிப்பில் சேர்த்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு எனக்கு ஒரு படம் வந்தது. மடிக்கணினித் திரையில் சனிக்கிழமையின் கடைசிப் பில், பக்கத்தில் அதே இலக்கத்தோடு காகிதப் பில். குறிப்பும் கடவுச்சொற்களும் இப்போது ஒரு உறையில், அவர்களது வங்கிப் பெட்டகத்தில், காணி உறுதியோடு இருக்கின்றன.